ராக் கச்சேரியில் மில் பேச்சு

என் சிநேகிதிக்குக் காது மந்தமானதில் அவளைவிட எனக்குத்தான் கோபம் அதிகம். பதினெட்டு வருஷம் ராஜபாளையத்தில் ஒரே நூற்பு மில்லில் அடுத்தடுத்த மிஷினில் நின்றவர்கள் நாங்கள். வேலையை விட்ட பிறகு அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில், நான் ராஜபாளையத்தில். நடுவில் அரை மணி நேர பஸ்தான். ஆனாலும் கடைசி ஒரு வருஷமாக நான் அவள் வீட்டுப் பக்கம் அதிகம் போகவில்லை. ஒரு வார்த்தையை நாலு தரம் கத்த வேண்டியிருந்தது. நாலாவது தரம் என் குரலில் எரிச்சல் ஏறிவிடும். பேச்சு கேட்காவிட்டாலும் அந்த எரிச்சல் மட்டும் அவளுக்குப் புரிந்துவிடும்.

அவள் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா ஒன்று கேட்க, இவள் வேறொன்று சொல்லியிருக்கிறாள். கூடத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, சம்பந்தம் முடிவாகிவிட்டது. இவள்தான் சுருங்கிப் போனாள். அடுத்த புதன்கிழமை நிச்சயதார்த்தம். "என் நாத்தனார் முன்னால உக்காரட்டும். நான் அடுக்களைய பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டாள். மகள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. காது மிஷின் ஒன்று வாங்கித்தான் கொடுத்தார்கள். எல்லாச் சத்தத்தையும் சேர்த்து இரைச்சலாக்குகிறது என்று அதை டப்பாவிலேயே போட்டு வைத்திருந்தாள்.

பெற்ற மகளின் நிச்சயத்தில் தாய் அடுக்களையில் ஒளிவதாவது. நேரில் போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நான் பொருமிக்கொண்டிருந்தபோதுதான் என் மகன் இரண்டு பாஸ் கொண்டுவந்து நீட்டினான். இன்ஜினியரிங் கடைசி வருஷம். அவர்கள் கல்லூரி விழாவுக்கு பெங்களூரிலிருந்து ராக் குழு வருகிறதாம். ஏற்பாடு செய்தவர்களில் இவனும் ஒருவன்.

"ஒரிஜினல் குழு இல்லம்மா, ட்ரிப்யூட் பேண்டு. அந்த இங்கிலீஷ்காரங்கள்ல பாதிப் பேரு இப்ப உயிரோட இல்ல. இவங்க அவங்கள மாதிரியே உடுத்தி, அவங்க பாட்ட அச்சு அசலா வாசிப்பாங்க."

"பொங்கலுக்கு நம்ம கோயில்ல மெல்லிசைக் குழு பாடுற மாதிரின்னு சொல்லு."

"இத மட்டும் அங்க வந்து சொல்லிராத."

என் வீட்டுக்காரர் டிவியை விட்டு எழுந்திருக்க மாட்டார். இரண்டு ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் வருகிறது என்று மகன் சொன்னதும் எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது. அந்தச் சத்தமாவது அவள் காதில் விழட்டும், போகிற வழியில் அடுக்களை விஷயத்தையும் பேசிவிடலாம் என்று பஸ் ஏறிப் போய் அவளைக் கிளப்பிக் கூட்டி வந்தேன். வழியில் ஒன்றும் பேச முடியவில்லை. பஸ்ஸில் கத்தினால் ஊரே கேட்கும்.

சாயங்காலம் ஐந்து மணி. மலைப் பக்கம் வெயில் இறங்கியிருந்தாலும் மைதானத்தில் புழுக்கம். மேடைக்கு ஐந்து பேர் வந்தார்கள். தோள்வரை விக் முடி, யானைக்கால் பேண்ட், ஒருவன் வெல்வெட் கோட்டு வேறு. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் வெல்வெட் போட்டவனைப் பார்த்து எனக்கு முதலில் பாவமாகத்தான் இருந்தது. அப்புறம் டிரம்ஸ்காரன் குச்சியை இறக்கினான்.

உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி அதிர்ந்தது. எங்களுக்கு முன்வரிசையில் ஒரு வாத்தியார் கைக்குட்டையைக் கிழிக்காத குறையாகச் சுருட்டிக் காதில் அடைத்தார். பிள்ளைகள் ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துக் கத்தினார்கள். அப்படியும் கேட்காமல் "என்ன, என்ன" என்று முழித்தார்கள். பயந்துவிட்டாளோ என்று அவள் பக்கம் திரும்பி ஏதோ கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் என் முழங்காலில் ஓங்கி ஒன்று வைத்தாள். முகமெல்லாம் சிரிப்பு. உதட்டை நன்றாகப் பிரித்து, சத்தமே இல்லாமல் சொன்னாள்: "ஏட்டி, இது நம்ம ஷெட்டு."

மில்லில் நூல் முறுக்கும் ரிங் பிரேம் ஷெட்டுக்குள் யாரும் வாயால் கத்தமாட்டோம். கத்திப் பிரயோஜனமில்லை. அத்தனை மிஷினும் ஓடும்போது உதட்டைப் பார்த்துப் படிக்க வேண்டும், மிச்சத்தைக் கையால் சொல்ல வேண்டும். இரண்டு சுட்டுவிரலையும் சேர்த்துப் பிரித்தால் இழை அறுந்திருக்கிறது. இல்லாத மீசையைத் தடவினால் மேஸ்திரி வருகிறார். விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனால் சாப்பிட்டாயா. மாமியார் சண்டை, பிரசவம், புதுச் சேலை என்று அந்தப் பேச்சில் நாங்கள் பேசாத சங்கதி கிடையாது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனாலும் கை நிற்காது, பிள்ளைகளிடமும் அப்படியேதான் பேசுவோம். மில்லை விட்டபின் அதுவும் போய்விட்டது. "கையக் கைய ஆட்டாத, பாக்குறவிய ஊமைன்னு நெனைப்பாவ" என்று அவள் வீட்டுக்காரர் சொன்னாராம். அவளும் நிறுத்திவிட்டாள்.

அன்றைக்கு அந்த மைதானத்தில் தடையில்லாமல் பேசிக்கொண்டது நாங்கள் இரண்டு பேர்தான். வெல்வெட் கோட்டுக்காரனின் விக் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் நகர்வதை அவள்தான் முதலில் காட்டினாள். முன்வரிசை வாத்தியாரைப் பார்த்து மீசையைத் தடவினாள். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. ஒரு பாட்டு முடிந்து சத்தம் சட்டென்று நின்றபோது இரண்டு பேரும் திடுக்கிட்டு நிமிர்ந்தோம். மிஷின் நின்றால் ஏதோ கோளாறு என்று பழகிய உடம்பு.

நாலாவது பாட்டோ ஐந்தாவதோ. அவள் திடீரென்று முன்னால் சாய்ந்தாள். இரண்டு சுட்டுவிரலையும் சேர்த்துப் பிரித்து மேடையைக் காட்டினாள். கிடார்க்காரன் கம்பி ஒன்று அறுந்து விளக்கு வெளிச்சத்தில் துள்ளிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. அவன் வாசிப்பை நிறுத்தவில்லை, மிச்சக் கம்பிகளில் விரலை மாற்றி மாற்றி வைத்து ஓட்டினான்.

"நிறுத்தாமலே ஓட்டுதான் பாரு" என்றாள் உதட்டால்.

எங்கள் வேலையும் அதுதான். ஒரு இழை அறுந்ததற்காக மிஷினை நிறுத்த முடியாது, ஓடும்போதே ஒட்ட வேண்டும். அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிவதற்குள் என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது.

"புதன்கிழம நீ என் எதுக்க நிப்பியா? மாப்பிள்ள அம்மாவுக்குப் பின்னால. அவிய சொல்லுதத நீ எனக்குச் சொல்லு."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வருஷமாக இவள் முகத்துக்கு நேரே கத்திக்கொண்டிருந்தேனே, இந்தக் கையை ஒரு தரம் தூக்கத் தோன்றவில்லையே. தலையை ஆட்டினேன். அவளுக்கு அது போதவில்லை. சத்தியம் பண்ணு என்று உள்ளங்கையை நீட்டினாள். அடித்துக் கொடுத்தேன்.

புதன்கிழமை அவள் அடுக்களைக்குப் போகவில்லை. மாம்பழ நிறப் பட்டுடுத்தி, ஜமுக்காளத்தில் சம்பந்தியம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் அந்தம்மாவின் தோளுக்குப் பின்னால், காற்றாடிக் காற்றுக்கு நிற்பவள் மாதிரி நின்றுகொண்டேன். அவர்கள் முகூர்த்தத்துக்கு ஆவணியா தையா என்று கேட்டார்கள். நான் உதட்டாலும் விரலாலும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, அவர்களைப் பார்த்து, "தையே வைப்போம், அவளுக்கு அதுக்குள்ள பரீட்ச முடிஞ்சிரும்" என்றாள். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

தட்டு மாற்றும் நேரம் கூட்டம் எழுந்தது. போட்டோக்காரரும் மாப்பிள்ளை வீட்டு ஆண்களும் குறுக்கே வந்து என்னை வாசல்வரை தள்ளிவிட்டார்கள். அவள் முகம் மறைந்துவிட்டது. சம்பந்தியம்மா அவளிடம் குனிந்து ஏதோ கேட்பது மட்டும் தெரிந்தது. சத்தியம் பண்ணிவிட்டு இந்த நேரத்தில் கைவிட்டோமே என்று பதறிப்போய் அங்கே கிடந்த நாற்காலி மேல் ஏறினேன்.

அவள் என்னைத் தேடவே இல்லை. பக்கத்தில் மணையில் இருந்த மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிறையப் பூவோடு குனிந்திருந்த அந்தப் பெண்ணின் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. மருதாணி வைத்த விரல்கள் மடியில் எங்கள் மில் பேச்சைப் பேசின. என் சிநேகிதி நிமிர்ந்து சம்பந்தியம்மாவுக்குப் பதில் சொன்னாள். அவர்கள் சிரித்தபடி இவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதன் பிறகுதான் நாற்காலி மேல் நின்ற என்னைப் பார்த்தாள். கூட்டத்துக்கு மேலே, வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போதே, கையை நன்றாக உயர்த்தி விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

இன்னும் இல்லை என்று நானும் கையை உயர்த்திச் சொன்னேன்.