போரிஸ் என்று இங்கே ஒருவரும் இல்லை

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்து வாசியுங்கோ.

மாசி மாதம், செவ்வாய்க்கிழமை. காலை 7.40க்கு ஜேர்மனியின் எசன் நகரத்தில் ரயில் ஏறினோம். பான் நகரம் நூறு கிலோமீற்றர். போய்வர ஆளுக்கு முப்பத்தெட்டு மார்க். எசனை விட்டு வெளியே போக அகதிகளுக்கு வேண்டிய ஒருநாள் அனுமதித் துண்டு வாங்கியிருந்தோம். கூட வந்தவர் ஹசன், அகதி விடுதியில் என் அறைக்காரர், பல்கேரியாவில் பிறந்த துருக்கியர். அங்கே அரசாங்கம் துருக்கியரின் பெயர்களைப் பல்கேரியப் பெயர்களாக மாற்றியபோது, பட்டியலை நீட்டி ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னார்களாம். இவர் வாய் திறக்கவில்லை. பொலிஸ்காரனே ‘போரிஸ்’ என்று எழுதிவிட்டான். கடவுச்சீட்டைப் பார்த்து இங்கேயும் அதையே பதிந்தார்கள். மறுநாள் அந்தப் பெயரில் அடையாள அட்டை கொடுக்கப் போகிறார்கள். மாற்றுவதற்கு ஆதாரம் வேண்டுமாம்.

பானில் பழைய பல்கேரியப் பெயர்களை ஆராயும் அம்மா ஒருவர் இருந்தார். ‘போரிஸ் துருக்கியர் பெயரே இல்லை’ என்று அவர் எழுதித் தந்தால் போதும் என்று ஹசன் நம்பியிருந்தார்.

9.30க்கு அவர் அறையில் இருந்தோம். கோப்பி தந்தார். சொன்னது நேர்மாறு. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன் பல்கேரிய அரசை அமைத்தவர்கள் புல்வெளிகளிலிருந்து குதிரையில் வந்தவர்கள். துருக்கியோடு உறவான மொழி பேசியவர்கள். முதல் அரசர்களின் பெயர்கள் பல அந்த மொழியில் வந்தவை. பிறகு ஸ்லாவியப் பெயர்கள் கலந்தன. கிரேக்கப் பெயர்கள் ஞானஸ்நானத்தோடு வந்தன. போரிசும் குதிரைக்காரர் பெயராக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல ஏலாது என்றார். அந்த நாட்டைக் கிறிஸ்தவ நாடாக்கிய போரிஸ் அரசனுக்கே ஞானஸ்நானத்தில் மிக்கேல் என்று வைத்தார்களாம். சனங்கள் இன்றும் போரிஸ் என்றுதான் சொல்கிறார்கள்.

ஹசனுக்கு ஜேர்மன் என்னிலும் குறைவு. தெரிந்த சொற்களைக் கூட்டி இதை அவருக்கு விளங்கப்படுத்தினேன். விளங்கியதும் அவர் சிரித்தார்.

“நல்ல பழைய பெயர். ஆனா எனக்கு அதை வைச்சது பொலிஸ். பெத்தவை வைச்சது ஹசன்.”

வெறுங்கையோடு திரும்பினோம்.

புதன் காலை 8.15, எசன் அலுவலகம். மேசையிலிருந்த பெண் மூன்று தரம் ‘போரிஸ்’ என்று கூப்பிட்டார். ஹசன் அசையவில்லை. எழும்பாவிட்டால் அட்டையும் இல்லை, அடுத்த தவணைக்கு ஆறு கிழமை காத்திருக்க வேணும். ஊரிலே அரசாங்கக் கச்சேரியில் பெயர் கூப்பிட முன்பே எழும்பி நிற்கிறவன் நான். அன்றைக்கும் எழும்பினேன்.

“போரிஸ் என்று இங்கே ஒருவரும் இல்லை. ஹசன் இருக்கிறார்.”

நீ யார் என்று அந்தப் பெண் கேட்டார். நடராசா என்றேன். என் அட்டையைப் பார்த்து, இதில் கந்தையா என்றல்லவா இருக்கிறது என்றார். அது என் தகப்பன் பெயர். வந்த புதிதில் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டிருந்தது. எங்கள் குடும்பம் அப்பாவின் குடும்பம்தானே என்று அவர் பெயரை நானே எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருடமாக, செத்துப்போன மனிசனைக் கூப்பிட்டபோதெல்லாம் நான் எழும்பிப் போய்க்கொண்டிருந்தேன்.

“பெயர் மாற்ற இரண்டு படிவம் தாருங்கோ,” என்றேன்.

தந்தார். நிரப்பிக் கொடுத்தோம். இன்றுவரை பதில் இல்லை, ஹசனுக்கு அட்டையும் இல்லை. போரிசைக் கூப்பிட்டாலும் கந்தையாவைக் கூப்பிட்டாலும் நாங்கள் கதிரையை விட்டு எழும்புவதில்லை.

எசன், 19.10.1986