குக்குறுவான் கேட்காத காது

"குக்குறுவான் கத்துதா தம்பி?" என்று அவர் கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஓசூருக்கு வெளியே, ஏரியை ஒட்டிய இயற்கை மையத்தில், பறவை பார்க்க வந்திருந்த எங்கள் தலைக்கு நேர் மேலே ஆலமரத்தில் உட்கார்ந்து அது ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். எங்கள் கம்பெனியின் பிரஸ் ஷாப் அண்ணன் அவர். மற்றவர்கள் பைனாகுலரைத் துடைத்து முடிப்பதற்குள், கண்ணை மூடிக்கொண்டே பத்துப் பறவைகளின் பெயரைச் சொல்லி எழுத வைப்பார். இலைக்குள் இருப்பதைப் பார்த்தே தீரவேண்டும் என்று நாங்கள் அடம்பிடித்தால், "பொண்ணு பாக்கவா வந்தே? கேளுப்பா" என்று கிண்டல் செய்வார். அன்று அவரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணில் விளையாட்டு இல்லை.

பதினைந்து வருடம் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்ற மனிதர். காதடைப்பான் கொடுப்பார்கள், போட்டால் மெஷின் சத்தம் மாறுவது தெரியாது என்று கழற்றிப் பையில் வைத்துக்கொள்வார். மெல்லிய குரல்கள் முதலில் போயின, பிறகு மற்றவை. அதற்கப்புறம் எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்தது. பறவை கத்தினால் நான் பேனாவை அந்தப் பக்கம் லேசாகச் சாய்ப்பேன். அவர் கண்ணால் தேடிப் பிடித்துப் பெயர் சொல்வார். கூட வந்த ஒருவருக்கும் தெரியாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

கம்பெனி மருத்துவ அறையில் வருடாந்திரக் காது டெஸ்ட் எடுப்பவன் நான். அவரோ காண்ட்ராக்ட் ஆள். காது போய்விட்டது என்று தெரிந்தால் மறுநாள் கேட்டுக்குள் விடமாட்டார்கள். அந்த வருட டெஸ்டில், கண்ணாடி அறைக்குள் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்தவர் என்னைப் பார்த்தார். உதவி செய் என்று வாய் திறந்து சொல்லவில்லை. ஒலி அனுப்பும்போதெல்லாம் நானாகத்தான் பேனாவைச் சாய்த்தேன். காதில் விழுந்ததுபோல அவர் பொத்தானை அழுத்தினார். ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்தது, டாக்டர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

நான்கு மாதம் கழித்து, ஷெட்டுக்குள் பின்னாலிருந்து வந்த ஃபோர்க்லிஃப்ட் அவரைத் தூணோடு வைத்து நசுக்கிவிட்டது. ஹாரன் அடித்ததை அத்தனை பேரும் கேட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. விசாரணையில் என் ரிப்போர்ட்டைத்தான் எடுத்து வைத்தார்கள். காதில் குறையில்லை, கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். நானும் அங்கேதான் நின்றிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம், வேறொன்றுமில்லை.

போன மாதம் அவர் மனைவி மூக்கண்டப்பள்ளியிலிருந்து பஸ் பிடித்து இயற்கை மையத்துக்கு வந்தார். ஞாயிறு தவறாமல் அண்ணன் போன இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டுமாம். நுரை ஒதுங்கிய கரையோரம் நடந்தோம். அண்ணி சட்டென்று நின்றார்.

"தம்பி, காது நல்லா இருந்துச்சுன்னு ரிப்போர்ட்லயே இருக்குதாமே. ஹாரன் அடிச்சும் நகரலைன்னா, வேணும்னேதானே நின்னிருக்காரு? முந்தின நாள் நான் சண்டை போட்டேன். கூப்பிடக் கூப்பிடத் திரும்பியே பாக்கலைன்னு கண்டபடி திட்டிட்டேன். அதுக்காகவா தம்பி?"

"அப்படியெல்லாம் இல்லைங்க அண்ணி" என்றேன்.

"உனக்கெப்படித் தெரியும்?"

வெயில் ஏறிவிட்டது, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.