அந்தக் குழு நான்தான்

பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல் வேலை முழுவதும் அப்போது என் ஒருத்தி தலையில். ஓர் அறை, எல்லோருடைய மின்னஞ்சலும் வந்துசேரும் சேவர் கணினி ஒன்று, கால் ஆடும் ஒரு கதிரை. வன்னியில் யுத்தம் முடியும் தறுவாயில் இருந்தது. ஒருநாள் காலை எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது: இரண்டு நாளில் உங்கள் கணக்கு மூடப்படும், பெயரையும் கடவுச்சொல்லையும் நிரப்பி அனுப்புங்கள். கீழே ‘மின்னஞ்சல் நிர்வாகக் குழு’ என்றிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே குழு என்றால் நான்தானே!

ஒவ்வொரு துறையாக நடந்துபோய், அது மோசடி என்று சொன்னேன்.

“குழு எண்டு போட்டிருக்கே, உங்களுக்கு மேல ஆரும் இருப்பாங்க” என்றார் ஒரு மூத்த விரிவுரையாளர்.

அடுத்த அறைக்குப் போனேன். அங்கே வாகரைப் பிள்ளை இருந்தாள், தற்காலிக விரிவுரையாளர்; கடற்கரை ஊரான வாகரையிலிருந்து வந்ததால் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். ஜப்பானில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததா என்ற பதில் அந்த வாரம் அவளுடைய கணக்குக்குத்தான் வரவேண்டும். பார்க்கத் தவறினால் இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

“நான் அப்பவே நிரப்பி அனுப்பிட்டனே அக்கா.”

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சுனாமிக்குப் பிறகு முகாமில் தகரத்துக்கும் வலைக்கும் தோணிக்கும் வந்த படிவங்களையெல்லாம் ஊருக்காக நிரப்பியவள் அவள். நீங்கள் யார் என்று படிவம் கொண்டுவந்த ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தால் கூரை கிடைத்திருக்காது.

சேவர் அறைக்கு ஓடினோம். அவள் பெயரில் ஊர்பேர் தெரியாதவர்களுக்கெல்லாம் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. இணைப்பை நிறுத்திக் கடவுச்சொல்லை மாற்றினேன். வந்த கடிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நல்லகாலம், ஜப்பான் பதில் இன்னும் வந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் வந்தது. இடம் கிடைத்திருந்தது. இரண்டு பேரும் அழுதோம்.

அடுத்த மாதம் உண்மையாகவே சேவரை மாற்ற வேண்டியிருந்தது. எல்லோரும் தங்கள் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி நானே மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவர்கூட மாற்றவில்லை. மத்தியானம் என் அறை வாசலில் வரிசை. மூத்த விரிவுரையாளரும் நின்றார். எல்லோருக்கும் முன்னால் வாகரைப் பிள்ளை, கையில் என் கடிதத்தின் பிரதி.

“இது மெய்யா நீங்க அனுப்பினதா அக்கா?”

“ஓம் புள்ள, நான்தான்.”

“அப்ப அடையாள அட்டையக் காட்டுங்க.”

எத்தனையோ வருடம் சோதனைச் சாவடிகளில் பயந்து பயந்து நீட்டிய அட்டை. அன்றுதான் அதைப் பெருமையோடு எடுத்துக் காட்டினேன்.