முக்கோணம் இல்லாத பயில்வான்

“பச்சைப் பயில்வான். சாம்பிள் வார்ப்பு. கடைக்கு வராதது. பட்டறை உரிமையாளர் கையால் பெற்றது, 1979 ஆவணி. அறிந்தவரை இது ஒன்றே.” தகர டப்பா ஒன்றின் மூடிக்குள் நான் ஒட்டிவைத்த சீட்டு இது.

குற்றாலத்தில் சாரல் மாதங்களில் பிளாஸ்டிக் பயில்வான்கள் குவியலாக விற்கும். அவை தென்காசியில் ஒரு சிறு பட்டறையிலிருந்து வந்தன. புது பொம்மைக்கு அச்சு வெட்டியதும், கையில் கிடக்கும் மிச்சப் பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்று வார்த்துப் பார்ப்பார்கள். பிசிறு நீக்குவதில்லை, வண்ணம் பூசுவதில்லை. பார்த்து முடித்ததும் அது மறுபடி உருக்கப் போய்விடும். அப்படிப் போக இருந்தவற்றைக் கேட்டு வாங்கிச் சேர்ப்பது என் வழக்கம். அலுவலகத்தில் இதற்காக என்னைக் கேலி செய்யாதவர் இல்லை.

பச்சைப் பயில்வான் உடைந்த வாளியிலிருந்து பிறந்தவன். அவனுக்குத் தோள் சுழலும், கதாயுதத்தை ஓங்கலாம். கையைத் தனியாக வார்த்துப் பொருத்த நேரம் பிடிக்கிறது என்று பட்டறைக்காரர் அதே அச்சைத் திருத்தி, கை அசையாதபடி வெட்டிவிட்டார். கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் கை அசையாத பயில்வான்களே.

1982 சீசனுக்கு முன்னால், குற்றாலத்தில் பொம்மைக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். பயில்வானின் கையைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார்.

“இதை டப்பாக்குள்ள அடைச்சு வச்சு என்னவே செய்யுதீரு? ஒரு வாரம் குடும். பட்டறையில நகல் எடுத்துட்டுத் தாரேன்.”

முதலில் பட்டறைக்காரரின் சம்மதம் வேண்டும் என்றேன். இருவரும் போய்க் கேட்டோம். “நான் வேண்டாம்னு தள்ளினதுக்கு எங்கிட்டயே அனுமதியா?” என்று அவர் சிரித்தார்.

எனக்கோ சிரிப்பு வரவில்லை. நகலும் அதே பட்டறையில், அதே பிளாஸ்டிக்கில் வரும்; ஒன்றிரண்டு பிசிறோடும் வண்ணமில்லாமலும் தப்பிவிடும். ஒரு சீசன் போனால் எது முதலில் வார்த்தது என்று என்னாலேயே சொல்ல முடியாது. என் டப்பாவில் இருப்பதும் கடைச்சரக்காகிவிடும். அதனால் ஒரு நிபந்தனை வைத்தேன்: நகல் ஒவ்வொன்றின் உள்ளங்காலிலும் ஒரு முக்கோணம் விழ வேண்டும், அதை அச்சிலேயே வெட்டிவிட வேண்டும்.

“முக்கோணமா? குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னம்லா அது! அந்த ஆபீசுல குடுத்த பொம்மைன்னு நினைப்பான்!” என்றார் அண்ணாச்சி. ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் பாத்திரம் வாங்குகிறவர்கள் முதலில் அதைக் கவிழ்த்து முத்திரை பார்ப்பார்கள். பொம்மையையும் அப்படியே கவிழ்த்தார்கள். முக்கோணத்தைப் பார்த்ததும் அவர்களுக்குத் திருப்தி. இரண்டாவது வாரம் நான் கடைக்குப் போனபோது ஓர் அம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார்: “அண்ணாச்சி, முத்திரை போட்டதாக் குடுங்க.”

“அது முத்திரை இல்லம்மா. நகலுக்குப் போட்ட அடையாளம்.”

“அப்ப நகலே குடுங்க. அசலு உடைஞ்சிரும்லா?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “நான் உள்ளதைத்தான் சொல்லுதேன். கேக்க மாட்டேங்காவ. நான் என்ன செய்யட்டும், வே?”

சீசன் முடிவதற்குள் பக்கத்துக் கடைகளில் கை அசையாத பயில்வான்களுக்கும், குரங்குகளுக்கும், யானைகளுக்கும்கூடச் சூட்டுக் கம்பியால் முக்கோணம் இழுத்திருந்தார்கள். நகல் என்று சொல்ல நான் வைத்த அடையாளத்தையே கடைவீதி முழுவதும் நகல் எடுத்தது. அதைப் பார்த்துவிட்டு பஸ் ஏறும்போது எனக்கிருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

அந்த வருடக் கடைசியில், அலுவலக நண்பர் ஒருவர் தம் மைத்துனரை என் சேகரிப்பைப் பார்க்க அழைத்துவந்தார். வந்தவர் பச்சைப் பயில்வானை எடுத்ததும் கவிழ்த்தார். முகம் வாடிவிட்டது.

“முக்கோணத்தைக் காணோமே, சார். உங்கள நல்லா ஏமாத்திட்டானுவ. இது டூப்ளிகேட்டு.”

நண்பர் சங்கடப்பட்டார். நான் காப்பி கொண்டுவரச் சொன்னேன். அசலில் முக்கோணம் இல்லை என்பதை ஒரு புது ஆள் சோதித்துச் சொல்லிவிட்டார். என் நிபந்தனை பிசகாமல் நிறைவேறியதற்கு அதைவிட நல்ல சாட்சியம் எனக்கு இன்றுவரை கிடைத்ததில்லை.

ஒன்றை மட்டும் தீர்க்க முடியவில்லை. 1987இல் கேரளாவுக்குப் போகும் வழியில் புளியறையில் சாப்பிட இறங்கினேன். கல்லா மேசைமேல் ஒரு பச்சைப் பயில்வான். பிசிறு நீக்காதவன். தோளைத் தொட்டேன், சுழன்றது. காலைப் பார்க்க முடியவில்லை. யாரும் தூக்கிக்கொண்டு போகாமலிருக்கக் கணுக்கால்வரை மேசையின் சிமென்டில் புதைத்திருந்தார்கள்.

“அடியில முக்கோணம் இருந்துதா?” என்று ஓட்டல்காரரிடம் கேட்டேன்.

“ஒரு லாரிக்காரர் தந்ததாக்கும். அடியெல்லாம் ஆரு பார்த்தா? அதுக்காக மேசையை ஒடைக்கணுமா, சாரே?”

திரும்பி வந்து பட்டறைக்காரரிடம் விசாரித்தேன். சாம்பிள் ஒன்று வார்த்திருக்கலாம், இரண்டும் வார்த்திருக்கலாம், நினைவில்லை என்றார். புளியறையில் நிற்பது பிசிறோடு தப்பிய நகலா, இரண்டாவது சாம்பிளா என்பது இதை எழுதும்வரை உறுதிசெய்யப்படவில்லை.