பிரேக் அக்காவின் அபூர்வ வியாதி

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் அவளுக்கு மாணவர்கள் வைத்த பெயர் பிரேக் அக்கா. பக்கத்து இருக்கையில் தனக்கென்று பொருத்திய பிரேக்கை மிதித்து மிதித்தே பாதி ஊருக்கு வண்டி கற்றுக்கொடுத்தவள். ஒருநாள் வலது பக்கம் கையைக் காட்டி, "லெஃப்ட்ல திருப்பு!" என்று கத்தினாள். குழம்பிப்போன மாணவி நேராகப் போய் வேலியில் முட்டினாள்.

அப்புறம் இடது கையும் காலும் மரத்தன, பேச்சு குளறியது. ஸ்கேனில் மூளை முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. "பரவின புற்றுநோய்" என்றார் முதல் டாக்டர், படத்தை உறையிலிருந்து முழுசாக எடுக்கும் முன்பே. கணவர் இடிந்துபோய் உட்கார்ந்தார். நாத்தனார் மட்டும் தெம்பாக இருந்தாள். "எல்லாம் அண்ணியோட கோவம்தான் தலைக்கேறியிருக்கு" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் மண்டையில் துளை போட்டுத் துளியூண்டு திசு எடுத்துப் பார்த்தார்கள். முடிவு வந்த அன்று மூளை டாக்டர் முகத்தில் லாட்டரி விழுந்த களை.

"ரொம்ப அபூர்வமான வியாதிம்மா. வெள்ளை அணு கட்டுமீறிப் பெருகி, மூளை ரத்தக்குழாயைச் சுத்தி அடைஞ்சிருக்கு. நானே இப்பதான் முதல்தடவையா பாக்கறேன்!"

"கேன்சரா, டாக்டர்?"

"ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது."

"லெஃப்டா ரைட்டான்னு கேட்டா நான் இப்படிப் பதில் சொன்னா, என்கிட்ட யாரு வண்டி கத்துக்குவா?" குளறிக் குளறித்தான் கேட்டாள்; ஆனாலும் கேட்டுவிட்டாள்.

டாக்டர் சிரித்தார். அப்படியே மருந்தை எழுதினார். பெருகும் அணுக்களைத் தேடி அழிக்கும் மருந்து நரம்பு வழியே சொட்டுச் சொட்டாக ஏறியது, கூடவே ஸ்டீராய்டு. மருத்துவ மாணவர்கள் கண்காட்சிக்கு வந்தவர்கள்போல் கட்டிலைச் சுற்றிக் கூடி, முழங்காலைத் தட்டிப் பார்த்தார்கள். பெயரை ஒருவரும் கேட்கவில்லை. ஸ்டீராய்டில் அவள் முகம் பூசணியாக ஊதியது. பார்க்க வந்த நாத்தனார், "நல்லா தேறிட்டீங்க அண்ணி" என்றாள். அவள் போனபிறகு பிரேக் அக்கா போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மாதங்கள் ஓடின. புள்ளிகள் மெல்ல மெல்ல மங்கின. பேச்சு திரும்பியது, இடது காலில்தான் பலம் முழுசாகத் திரும்பவில்லை. டாக்டர் அவள் ஸ்கேனை வைத்து ஒரு மருத்துவ மாநாட்டில் பேசப்போவதாகக் கேள்விப்பட்டு, கணவரை இழுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். திரையில் அவள் மூளை, சுவரளவுக்கு.

"ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி..." என்று ஆரம்பித்தார் டாக்டர்.

"நாப்பத்தஞ்சு!" கைத்தடியை ஊன்றி எழுந்தாள். அரங்கமே திரும்பிப் பார்த்தது. "மூளைக்குள்ள இருக்கறதெல்லாம் தெரியுது, வயசு தெரியலையா?"

டாக்டர் திருத்திக்கொண்டார். கைதட்டல் அவருக்குத்தான் கிடைத்தது, பரிசும். பிரேக் அக்காவுக்குக் கிடைத்தது அடுத்த ஸ்கேனுக்குத் தேதி.

வண்டியில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க டாக்டரின் அனுமதி இல்லாததால், இப்போது வகுப்பறையில் சாலை விதிகள் நடத்துகிறாள். தூங்கி வழிபவன்மேல் சாக்பீஸ் பறக்கிறது. குறி தவறிப் பக்கத்தில் இருப்பவன்மேல் விழுந்தால், அவனும் தூங்கினான் என்கிறாள்.