குயிலைப் பற்றி எழுதிய கடிதம்

தொண்ணூறுகளின் நடுவில், நியூசிலாந்தின் ஆக்லாந்தில், எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே பிடிக்காது. மற்ற நாட்களில் ஒடாஹுஹுவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவனுக்கு அது பெருமையான வேலை இல்லை. ஆனாலும் பொழுது போய்விடும். ஞாயிறுகளில் த்ரீ கிங்ஸில் வாடகைக்கு எடுத்த அறையில் நானும் ரைஸ் குக்கரும்தான். திங்கட்கிழமை காலை யாராவது குட் மோர்னிங் சொன்னால், பதில் சொல்வதற்குத் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருந்தது.

அதனால்தான் நூலகத்துச் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்து ஒரு நடைக்குழுவில் சேர்ந்தேன். இரண்டு கிழமைக்கு ஒரு ஞாயிறு படகேறி ஏதாவது ஒரு தீவுக்குப் போவார்கள். பருவத்துக்கு வரும் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் பார்த்துக் குறித்துக்கொண்டு மாலையில் திரும்புவார்கள். என்னைத் தவிர எல்லாரும் வெள்ளைக்காரர்கள், ஓய்வு பெற்றவர்கள். குழுவை நடத்திய அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். எரிமலைப் பாறையில் அவர் ஆடு மாதிரி ஏறுவார். நாற்பது வயதான நான் பின்னால் மூச்சு வாங்குவேன். அன்பான மனிதர்கள்தான். ஆனால் பறவை பார்க்கும்போது வாய் திறக்கக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். பேச்சுத்துணை தேடிப் போனவனுக்கு வாய்த்த இடம் அது.

என் மனைவியும் எட்டு வயது மகளும் கொழும்பில், வெள்ளவத்தையில், மனைவியின் அக்கா வீட்டில் இருந்தார்கள். நான் அவர்களைப் பிரிந்து வந்து இரண்டு வருடம். நவம்பர் கடைசியில் அவர்களுக்கு விசா கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகும் எப்போது புறப்படுகிறோம் என்று அவள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் இருந்தது. அந்த வீட்டுக்குக் கடிதம் வந்தால் எல்லாரும் ஹாலில் கூடுவார்கள், அக்காவின் கணவர், அவளுக்கு அத்தான், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்க வாசிப்பார். எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம்; வெளிநாட்டுக் கடிதம் குடும்பத்துக்குப் பொது. அத்தனை பேர் கேட்க, 'நீ இல்லாமல் முடியவில்லை' என்று எந்த ஆம்பிளை எழுதுவான்? 'நான் நலம்' என்று தொடங்கினால், அடுத்த வரிக்கு ஏதாவது வேண்டுமே. எனக்குக் குருவிகள் கிடைத்தன.

செப்டெம்பரில் கோவாய் மரம் மஞ்சளாகப் பூத்ததை எழுதினேன். ஒக்டோபரில் பாறை இடுக்குகளில் வந்த சின்ன வெள்ளைப் பூக்களைப் பற்றி எழுதினேன். துயி என்ற கறுத்த பறவை பூவுக்குள் தலையை விட்டுத் தேன் குடித்துவிட்டு, நெற்றி நிறையச் செம்மஞ்சள் மகரந்தத்தோடு, கோயிலுக்குப் போய் வந்தவர் மாதிரித் திரிவதை எழுதினேன். இங்கே கோடை தொடங்கும் டிசம்பரில் மகளுக்கென்றே ஒரு முழுப் பக்கம் குயிலைப் பற்றி எழுதினேன். பச்சை முதுகும் கோடு போட்ட வயிறுமாக, கோடைக்கு ஏதோ தூரத்துத் தீவிலிருந்து கடல் கடந்து வரும். ஒரு சின்னச் சாம்பல் குருவியின் கூட்டில் முட்டையிடும். குஞ்சை அது வளர்க்கட்டும் என்று விட்டுவிட்டுத் தான் பறந்துவிடும். வாத்தியார் புத்தி போகுமா, படமும் கீறி அனுப்பினேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை பதில் வந்தது. ஒரு பக்கம்கூட இல்லை. 'அத்தான் வாசித்து முடித்ததும், அப்பாவும் எங்களைப் பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுத்தானே போனவர் என்று பிள்ளை எல்லாருக்கும் முன்னால் கேட்டாள். உங்கள் கடிதங்களில் குருவி இருக்கிறது, பூ இருக்கிறது. எங்களை வரச் சொல்லி ஒரு வரி இல்லை. கனடாவில் இருக்கும் என் அண்ணா எங்களை அங்கே கூப்பிடுகிறார். நீங்கள் அங்கே சந்தோஷமாக இருக்கிறீர்கள். நாங்கள் வந்து ஏன் குழப்ப வேண்டும்?'

முதலில் கோபம்தான் வந்தது. நான் சந்தோஷமாக இருக்கிறேனாம்! கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி மறுபடி வாசித்தேன். அவள் எழுதியதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. வெட்கத்தில் அன்று சாப்பிடவும் மனம் வரவில்லை.

மறுநாள் ரங்கிடோட்டோ தீவு. பொஹுதுகாவா மரங்களின் பூக்காலம் முடிந்து, கறுத்த பாறையெங்கும் சிவப்பாகப் பூ உதிர்ந்து கிடந்தது. நான் ஒன்றும் குறிக்கவில்லை. என் கொப்பி வெறுமையாக இருப்பதைப் பார்த்த அந்த அம்மா, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். மனைவியும் மகளும் இங்கே வராமல் போகலாம் என்றேன்.

அவர் நின்றுவிட்டார். "உனக்கு மனைவி இருக்கிறாளா? இத்தனை மாதமும் நீ தனிக்கட்டை என்றல்லவா நினைத்தோம்!"

அவர்களிடமும் நான் துயியைப் பற்றித்தான் பேசியிருந்தேன்.

படகு துறைமுகத்துக்கு வந்ததும் கார்டு போன் பெட்டிக்கு ஓடினேன். கொழும்பில் அப்போது காலை. அக்காவின் கணவர் எடுத்தார். பிறகு அவள் வந்தாள்.

"சொல்லுங்கோ."

"கடிதம் கிடைச்சது. பிள்ளை அப்பிடிக் கேட்டவளோ?"

"ஓம். நான் அவளுக்கு என்ன மறுமொழி சொல்லுறது?"

"போனை அறைக்குள்ளை கொண்டுபோய்க் கதையுமன்."

"வயர் எட்டாது. எல்லாரும் இஞ்சைதான் இருக்கினம். சொல்லுறதைச் சொல்லுங்கோ."

கண்ணாடிக்கு வெளியே என் குழுவினர் முதுகுப்பைகளோடு நின்றார்கள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"எனக்கு இஞ்சை ஒருத்தரும் இல்லை," என்றேன். "நான் சந்தோசமா இல்லை. அறைக்குள்ளை தனிய இருக்கேலாமல்தான் தீவு தீவாத் திரியிறன். எதைப் பாத்தாலும் உமக்கும் பிள்ளைக்கும் காட்டவேணும் எண்டுதான் நினைக்கிறன். நீங்கள் வராட்டி என்னாலை ஏலாது."

அங்கே அக்காவின் கணவர் இருமுவது கேட்டது. பிறகு மகளின் குரல்: "அம்மா, ஏன் அழுறியள்?"

மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்த ஹாலில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அத்தான், நாளைக்கு எங்களுக்கு டிக்கெட் விசாரியுங்கோ."