தண்ணீர் கலந்த சந்தனச் சோப்பு

விருந்தாளிக்கு வைத்த திரவச் சோப்பில் தண்ணீர் கலந்தவன் நான்தான். சுவிஸின் லுசேர்ண் நகரிலிருந்து கூர் நகருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்த நண்பர் போத்தலை அழுத்த, தண்ணீராய்ப்போன சோப்பு அவருடைய சேர்ட்டில் பீய்ச்சியடித்தது. துடைத்துவிடும்போது எழுந்த சந்தன வாசனை என்னை யாழ்ப்பாணத்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோய்விட்டது.

சோப்பு கிடைக்காத காலம் அது. தேய்ந்த துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டித்தான் அப்பா குளிப்பார். ஆனால் யாராவது வந்தால், பெட்டிக்குள்ளிருந்து உறை பிரிக்காத சந்தனச் சோப்பு வெளியே வரும்.

"வந்த ஆள் வடிவாத் தேய்க்கட்டும். நாங்கள் ஒட்டுவம்," என்பார்.

ஆள் குளித்துவிட்டுப் போனதும் ஓடிப்போய் அந்த ஈரச் சோப்பை முகர்ந்துகொண்டே நிற்பேன். அந்த மணத்துக்காகத்தான் இங்கும் சந்தனச் சோப்பையே வாங்குகிறேன்.

நண்பர் போனபின், "சிக்கனத்தில நான் அப்பாவைப் போல," என்றேன் மனைவியிடம்.

"மாமா தன்ரை சோப்பையெல்லோ ஒட்டினவர். நீங்கள் வந்த மனுசன்ரை சேர்ட்டை நனைச்சனீங்கள்," என்றாள்.